பந்தயக்களத்துப் பனியும் மாரண்டஹள்ளிப் போர்வை முறையும்

மோட்டார் பந்தயக் களத்தில் குளிர் மூன்று தரப்பைத் தாக்குகிறது: ஓட்டுநர், டயர், பார்வையாளர். முதல் இரண்டுக்கும் விதிகள் உண்டு, செலவு செய்ய அணி உண்டு. மூன்றாம் தரப்பு சிமெண்டுப் படியில் உட்கார்ந்து தன் காதைத் தானே காப்பாற்றிக்கொள்ள வேண்டும். இந்தத் துறையில் அனுபவம் மிகுந்த ஊர்களுள் ஒன்று, தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு வட்டத்தைச் சேர்ந்த மாரண்டஹள்ளி. அவ்வூரில் பந்தயக் களம் கிடையாது. அது ஆய்வுக்கு இடையூறன்று. கடலில்லாத ஊரிலும் கருவாட்டு நிபுணர்கள் இருக்கிறார்கள்.

ஊரின் முதல் தகுதி நிலவியல் சார்ந்தது. தர்மபுரியிலிருந்து பாலக்கோடு, மாரண்டஹள்ளி, இராயக்கோட்டை வழியாக ஓசூருக்குப் போகும் சாலையும் ரயில் பாதையும் மைசூர்ப் பீடபூமியை நோக்கி மெல்ல ஏறுகின்றன. தர்மபுரியில் சட்டையின் மேல் பொத்தானைத் திறந்துவிட்டுக் கிளம்பியவர் மாரண்டஹள்ளியில் அதை மூடிக்கொள்கிறார்; ஓசூரில் பொத்தான் போதவில்லை. ஊர்ப்பெயரில் உள்ள ‘ஹள்ளி’ கன்னடத்திலிருந்து வந்தது. குளிரும் அதே திசையிலிருந்துதான் வருகிறது என்று வாதாட இடமுண்டு. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது பழமொழி. ஹெல்மெட்டைத் துளைப்பது எந்த மாதத்துப் பனி என்பதைப் பழமொழி சொல்லாமல் விட்டுவிட்டது.

இரண்டாவது தகுதி தொழில் சார்ந்தது. விடியுமுன் பாலக்கோட்டு மண்டிக்குத் தக்காளி ஏற்றிப் போகிறவரும், ஓசூரில் முதல் ஷிப்டுக்குப் போகிறவரும் பனிக்குள் வண்டி ஓட்டியே தீர வேண்டியவர்கள். இவர்களில் பலர் ஓட்டும் மொபெட், 1980-இல் வந்த டி.வி.எஸ். 50-இன் வாரிசு. அதைச் செய்யும் ஓசூர்க் கம்பெனி 1982 முதல் பந்தய அணி வைத்திருக்கிறது. தக்காளிக்காரர் அந்த அணியில் இல்லை. எதிர்க்காற்று அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை.

எதிர்க்காற்று பற்றி முறையான ஆராய்ச்சி நடந்தது அண்டார்டிகாவில். பால் சிப்பிள், சார்லஸ் பாசெல் என்ற இரு அமெரிக்கர்கள் பிளாஸ்டிக் குப்பியில் நீர் ஊற்றிக் காற்றில் வைத்து, உறைய எவ்வளவு நேரமாகிறது என்று அளந்து, முடிவை 1945-இல் வெளியிட்டார்கள். பின்னால், 2001-இல், அமெரிக்காவும் கனடாவும் திருத்திய சூத்திரத்தின்படி 10 டிகிரிக் குளிரில் மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது 5 டிகிரி போல இருக்கும். மாரண்டஹள்ளி விடியல் அந்த அளவுக்கு இறங்குவது அபூர்வம். 15 டிகிரியை ஒட்டி வந்தாலே பெரிது. ஆனாலும் கண்ணில் நீர் கோத்து, மூக்கு நுனி இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்து, விரல் இருக்கிறதா என்ற ஐயம் எழும் கட்டம் அங்கே உண்டு. குப்பிக்கு இந்தத் தொல்லை கிடையாது.

டயரின் நிலை மிகவும் வசதியானது. பந்தய டயர் சூடாக இருந்தால்தான் தரையைப் பற்றும். ஆகவே ஃபார்முலா ஒன்னில் ஒவ்வொரு டயருக்கும் மின்கம்பளி போர்த்தி வைக்கிறார்கள்; 70 டிகிரிக்கு மேல் சூடேற்றக் கூடாது என்று 2022-இல் கட்டுப்பாடே வந்தது. போர்த்திவிடு என்று கேட்காத ஒன்றுக்குப் போர்வை தருவது தமிழருக்குப் புதிதன்று; மயிலுக்குத் தந்த பேகன் இந்தத் தொழில்நுட்பத்தின் முன்னோடி. ஆனால் பேகனுடைய நாடு பழனிப் பக்கம். தகடூரை, அதாவது இன்றைய தர்மபுரியை ஆண்ட அதியமானின் பெயர் நிலைத்தது நெல்லிக்கனியால். போர்வை விஷயத்தில் தர்மபுரிக்காரர் தம் ஏற்பாட்டைத் தாமே செய்துகொள்ள வேண்டியதாயிற்று.

ஓட்டுநருக்குக் குளிர் பெரும்பாலும் பிரச்சினையன்று. 2023 கத்தார் பந்தயத்தில் சூடு தாங்காமல் துவண்டவர்கள் உண்டு. ஆனால் அவர் ஹெல்மெட்டுக்குள் அணியும் முகமூடித் துணி இந்த ஆய்வுக்கு மிக முக்கியமானது. அதற்குப் பெயர் பலக்லாவா. கிரிமியப் போரில் 1854-இல் சண்டை நடந்த துறைமுக ஊரின் பெயர் அது. பிரிட்டிஷ் சிப்பாய்கள் அங்கே குளிரில் நடுங்கினார்கள். அதே குல்லாதான் தமிழ்நாட்டில் குரங்குக் குல்லா. பந்தய வகை நோமெக்ஸ் என்ற தீப்பற்றாத இழையால் ஆனது, வெளிச்சூட்டை வெளியே நிறுத்துகிறது. மாரண்டஹள்ளி வகை கம்பளி நூல் என்று சொல்லி விற்கப்படுவது, உட்சூட்டை உள்ளே நிறுத்துகிறது. உச்சியில் குஞ்சம் இருப்பது இரண்டாவதற்கு மட்டும். குஞ்சத்தின் மேல் ஹெல்மெட் சரியாக உட்காராது. எனவே குஞ்சம் கத்தரிக்கப்படுகிறது, அல்லது ஹெல்மெட் பெட்ரோல் டேங்கின் மேல் உட்கார்ந்து வருகிறது. பின்னது சட்டப்படி குற்றம். டேங்குக்கு மண்டை உடையும் அபாயமும் இல்லை.

இனி உடுக்கும் வரிசை. தோலை ஒட்டி பனியன். அதன் மேல் முந்தைய நாள் செய்தித்தாள் இரண்டு விரிப்பு, மார்பு முழுதும் மறைய, கீழ் விளிம்பு இடுப்பு வாருக்குள் செருகப்பட்டு. அதன் மேல் சட்டை. செய்தித்தாள் காற்றை ஊடுருவ விடாது. மலையிறங்குமுன் டூர் டி பிரான்ஸ் மிதிவண்டி வீரர்களும் மார்பில் இதைத்தான் செருகினார்கள். வழவழப்பான விளம்பரத் தாள் நழுவி வயிற்றில் சுருண்டுவிடும் என்பதால் சாதாரணத் தாளே உகந்தது. சட்டைக்கு மேல் ஸ்வெட்டர். பிறகு ஜெர்கின், ஆனால் முன்பின்னாக: முதுகுத் துணி மார்புக்கு, ஜிப்பு முதுகுக்கு. ஜிப்பின் பல்லிடுக்கில் புகும் காற்றை இந்த முறை அடியோடு நிறுத்துகிறது. முதுகில் ஜிப்பை இழுத்துவிட ஆள் தேவை என்பதால் தனியாக வசிப்பவர்களிடம் இது பரவவில்லை. டீக்கடை வாசலில் நிற்பவர் வருகிறாரா போகிறாரா என்று சட்டென்று சொல்ல முடியாதது மற்றொரு குறை.

எல்லாவற்றுக்கும் மேல் துண்டு. மூலைக்கு மூலை மடித்து, நடுமடிப்பை நெற்றியில் வைத்து, இரு பக்கமும் காதின் மேல் இறக்கி, முனைகளை முறுக்கி முடிவது. தாடைக்குக் கீழே முடிந்தால் பல்வலிக்காரர் போலிருக்கும். டீக்கடையில் எல்லாரும் விசாரிப்பார்கள். பிடரியில் முடிந்தால் விசாரணை இல்லை, ஆனால் இராயக்கோட்டைக்குள் முடிச்சு அவிழ்ந்துவிடும். அனுபவசாலிகள் பல்வலியைத் தேர்கிறார்கள்.

இத்தனை ஆயத்தத்துடன் எந்தக் களத்துக்குப் போவது என்பது தனிச் சிக்கல். சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர்ப் பந்தயப் பாதை 1990 முதல் இருக்கிறது. அதற்கு முன் இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளமான சோழவரத்தில் பந்தயம் நடந்தது. மாரண்டஹள்ளியிலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்கு 250 கிலோமீட்டருக்கு மேல். நள்ளிரவு தாண்டிக் கிளம்பினால் கிருஷ்ணகிரி வரை குளிர் மரியாதையாகக் கூடவே வரும், வாணியம்பாடியில் விடைபெற்றுக்கொள்ளும், ஸ்ரீபெரும்புதூரில் புழுக்கம் வரவேற்கும். தமிழ்நாட்டுப் பார்வையாளருக்குக் குளிர் வழியில்தான், களத்தில் இல்லை.

களத்திலேயே குளிர் வேண்டுமென்றால் 1978 அக்டோபர் 8 அன்று மாண்ட்ரியாலில் இருந்திருக்க வேண்டும். ஜில் வில்நூவ் முதல் வெற்றி பெற்ற அந்தக் கனடா கிராண்ட் பிரீ, ஃபார்முலா ஒன்னின் மிகக் குளிர்ந்த பந்தயங்களில் ஒன்று; 1982-இல் அந்தப் பந்தயத்தை ஜூனுக்கு மாற்றினார்கள். தமிழர் திரண்ட களம் என்றால் துபாய். 2025 ஜனவரியில் அஜித்குமார் ரேஸிங் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்ற பந்தயம் 24 மணி நேரம் ஓடியது; ஆக ஒரு முழு இரவும் அதில் அடக்கம். பாலைவனத்து ஜனவரி இரவு ஏறத்தாழ மாரண்டஹள்ளி மார்கழிதான். அங்கே உறையும் முதல் உறுப்பு காதன்று. சிமெண்டுப் படி கீழிருந்து சூட்டை உறிஞ்சும். இரண்டு ஸ்வெட்டர் போட்டவரும் உட்காருமிடத்தில் தோற்றுப்போவார். நான்காக மடித்த சாக்கு இதற்குத் தீர்வு.

களைவதும் வரிசைப்படியே. வெயில் ஏறியதும் துண்டு கழுத்துக்கு இறங்கி வியர்வை துடைக்கும் வேலையை ஏற்கிறது. ஜெர்கினின் கைகள் இடுப்பில் முடியப்படுகின்றன. குரங்குக் குல்லா சுருட்டப்பட்டு ஹெல்மெட்டுக்குள் போகிறது. கடைசியாகச் சட்டைக்குள் கைவிட்டு உருவப்படும் செய்தித்தாள், மார்பின் வளைவோடு, சற்றே ஈரமாக வெளிவந்து, புளியோதரைப் பொட்டலத்துக்குக் கீழே விரிக்கப்படுகிறது.