கட்டத்துக்குள் அடங்காத பென்னிகுயிக்: லோயர் கேம்ப் தேதிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

கம்பம், கூடலூர் தாண்டி, குமுளி மலைப்பாதை ஏறுமுன் பஸ் மூச்சு வாங்கும் இடம் லோயர் கேம்ப். பெரியாறு நீர்மின் நிலையமும், முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய கர்னல் ஜான் பென்னிகுயிக்குக்கு 2013 ஜனவரியில் திறக்கப்பட்ட மணிமண்டபமும் இங்கேதான். மண்டபத்தைப் பார்த்துவிட்டு, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அணையின் வரலாற்றைக் குறிப்புச் செயலியில் ஏற்ற முயல்பவருக்கு நேரும் இடர்ப்பாடே இவ்வாய்வின் பொருள். முன்னோடி ஆய்வாளர்கள் இதைத் தொடாமல் விட்டதற்கு, அவர்களுக்கு வேறு வேலை இருந்ததே காரணமாகலாம்.

தரவுகள் நான்கு. பென்னிகுயிக் பிறந்தது 15.01.1841. அணைக்கான நிலத்துக்குத் திருவிதாங்கூருடனான குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது 29.10.1886. அது நடைமுறைக்கு வந்தது 01.01.1886. சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தது 10.10.1895. கையெழுத்துக்குப் பத்து மாதம் முன்பே நடைமுறை வந்ததெப்படி என்று கணினியைக் கடிந்துகொள்ள வேண்டாம். அது மனிதர்கள் செய்த ஏற்பாடு.

முதலில் எக்செல். குறிப்பேடு எழுத உருவானதல்ல என்றாலும் நாட்டில் பாதிப் பேருக்கு அதுதான் குறிப்பேடு. அதன் கணக்கில் உலகம் தோன்றியது 1900 ஜனவரி 1 அன்று. அதற்கு முந்தியதை வெறும் எழுத்தென்று கொண்டு கட்டத்தின் இடது ஓரத்தில் ஒதுக்கிவிடும்; தேதியென்று ஒப்புக்கொண்டதை வலது ஓரத்தில் உட்காரவைக்கும். 1-1-1886 என்று அடித்துப் பாருங்கள், இடது ஓரம். 999 ஆண்டுக் குத்தகை முடிகிற 31-12-2884 என்று அடியுங்கள், சட்டென்று வலது ஓரம்; உள்ளே 359766 என்று வரிசை எண்ணும் கொடுத்துவிடும். குத்தகை முடிவது அதற்குத் தெரியும், தொடங்கியது தெரியாது. போதாக்குறைக்கு, நாட்காட்டியிலேயே இல்லாத 1900 பிப்ரவரி 29-ஐ ஏற்றுக்கொள்ளும். லோட்டஸ் 1-2-3 செய்த பிழையோடு ஒத்துப்போவதற்காகச் சுமந்த சொத்து அது.

ஆண்டைச் சுருக்கி 10-10-95 என்று எழுதினால் கதை வேறு. அணை 1995-இல் திறக்கப்பட்டுவிடும். அரசுப் பணிகளைக் கண்டு பழகியவர் யாரும் இதைச் சந்தேகிக்க மாட்டார். எக்செலின் பழைய இயல்பமைப்பில் 15-1-41 என்றால் பென்னிகுயிக் 1941-இல் பிறப்பார், 29-10-86 என்றால் ஒப்பந்தம் 1986-இல் கையெழுத்தாகும். திறப்பு விழாவில் அவருக்கு வயது 54. அதுவும் சரியாகவே இருக்கும். முழுதாக ஒரு நூற்றாண்டுப் பிழை, ஆனால் உள்முரண் ஒன்றுகூட இல்லை. முனைவர் பட்ட ஆய்வேடுகள் பலவற்றுக்கு வாய்க்காத பெருமை இது.

சரி, எழுத்தாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, வரிசைப்படுத்தச் சொன்னால் என்ன ஆகும்? நாள் முதலில் நிற்பதால் நாள்தான் ஆட்சி செய்யும். ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும், அணை திறக்கப்படும், அப்புறம் பென்னிகுயிக் பிறப்பார், கடைசியில் எல்லோரும் கையெழுத்திடுவார்கள்.

குறிப்பெழுதுவதற்கென்றே பிறந்த ஆர்க்-மோட் இன்னும் கண்டிப்பானது. அதன் தேதிக் கேள்வி, இயல்பான அமைப்பில், 1970-க்கும் 2037-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளை மட்டுமே ஏற்கும். 1886 என்றால் ‘பீப்’ என்று கத்திவிட்டு 1970 ஆக்கும். 2884 என்றால் 2037 ஆக்கும். உச்ச நீதிமன்றம்வரை போயும் அசையாத 999 ஆண்டுக் குத்தகையை இரண்டு ‘பீப்’பில் முக்கால் நூற்றாண்டுக்குள் அடக்கிய சாதனை வேறெந்தத் தரப்புக்கும் கிடையாது. 1970-இல் துணை ஒப்பந்தம் ஒன்று உண்மையிலேயே கையெழுத்தானது, ஏக்கர் வாடகை 5 ரூபாயிலிருந்து 30 ஆனது என்பதால், மென்பொருளுக்கு விஷயம் அரைகுறையாகத் தெரிந்திருக்குமோ என்ற ஐயமும் எழுகிறது.

கம்பம் பள்ளத்தாக்கின் பெரியவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. பழைய நிகழ்ச்சி ஏதேனும் எப்போது நடந்தது என்று கேட்டால், “தாது வருசப் பஞ்சத்துக்கு ஒரு நாலஞ்சு வருசம் பிந்தி இருக்கும்” என்பார்கள். தாது வருடம் அறுபது ஆண்டுக்கொரு முறை வருவது. 1876, 1936, 1996 என எதுவும் ஆகலாம். ஆனால் பஞ்சம் என்றதும் எந்தத் தாது என்று ஒருவரும் கேட்பதில்லை. இந்த ‘நாலஞ்சு’தான் கட்டத்துக்குள் நுழையாதது.

2019-இல் வந்த ஐஎஸ்ஓ 8601-2 தரநிலை இதற்கு வழி செய்திருக்கிறது. ஆண்டுக்குப் பின்னால் ஒரு நெளிகோடு போட்டால் ‘வாக்கில்’ என்று பொருள், கேள்விக்குறி போட்டால் ‘உறுதியில்லை’. ராமநாதபுரம் பிரதானி முத்திருளப்ப பிள்ளை பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்ப யோசித்ததாகச் சொல்லப்படுவதை 1789~ என்று போட்டுக்கொள்ளலாம். ஆண்டை முதலில் வைத்து 1895-10-10 என்று எழுத்தாகவே சேமித்தால் வரிசையும் ஒழுங்காக வரும். பக்கத்தில் ஒரு கட்டம் விட்டு, சொன்னவர் சொன்னபடியே எழுதிவைப்பது எமது பரிந்துரை. யார் சொன்னது என்று இன்னொரு கட்டம் வைத்தால்தான் சிக்கல். கேட்டால், “எல்லாரும் சொல்றதுதான தம்பி” என்பார்கள். அதற்கான குறியீட்டைத் தரநிலைக் குழு இன்னும் வெளியிடவில்லை.