கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ் இல்லங்களில் குப்பை மடல்: தோற்றமும் வளர்ச்சியும் ஒடுக்கமும்

கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி எல்லாவற்றையும் துருவிவிட்ட தமிழாய்வுலகம், குடும்பத் தலைவரின் மின்னஞ்சல் பெட்டியை மட்டும் இன்னும் தொடவில்லை. குடும்பத் தலைவரே தொடாதபோது ஆய்வாளரைக் குறைசொல்ல முடியாது. அக்குறையைக் களைவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்களம், பிரிக்பீல்ட்ஸ் தொடங்கிக் கிள்ளான் வரை கோமுட்டர் ரயில் போகும் வழியிலுள்ள தமிழ் இல்லங்கள். முதன்மைச் சான்று, படிக்கப்படாமல் கிடக்கும் மடல்கள்.

தோற்றம் பற்றி இரு கட்சிகள் உண்டு. மேலைக் கட்சியார் 1978 மே 3-ஐக் காட்டுவர். அன்று அமெரிக்காவின் டிஇசி கணினி நிறுவனத்தைச் சேர்ந்த கேரி தூர்க், புதுக் கணினியின் அறிமுகக் கூட்டத்துக்கு வாருங்கள் என்று இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையிலிருந்த ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே மடலை அனுப்பினார். பெற்றவர்கள் கொதித்தார்கள். அவரோ விற்பனை நன்றாக நடந்தது என்று பின்னாளில் மகிழ்ச்சியோடு சொல்லிவந்தார். குப்பை மடலின் முழு வரலாறும் இந்த இரண்டு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும் என்பது என் கருத்து.

உள்ளூர்க் கட்சியார் இதை ஏற்பதில்லை. அவர்கள் காட்டும் சான்று விளக்குக் கம்பம். கடன் வேண்டுமா, பிணை வேண்டாம், உடனே கிடைக்கும் என்று ஆலோங் என்னும் கள்ள வட்டிக்காரர் ஒட்டிவிட்டுப் போகும் ஒட்டுத்தாளைக் காணாத தாமான் உண்டா? ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிக் கிடக்கும் அவற்றைச் சுரண்டி எடுத்தால் அகழாய்வுக்குரிய மண்ணடுக்கே கிடைக்கும். கேளாமல் வருவது, எல்லோருக்கும் ஒரே வாசகம், ஒரு படிக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம், ஆயிரத்தில் ஒருவர் விழுந்தாலும் போட்ட முதல் திரும்பிவிடும் என்ற கணக்கு: குப்பை மடலின் இலக்கணம் முழுவதும் அந்தக் கம்பத்திலேயே இருக்கிறது. நான் உள்ளூர்க் கட்சி.

வளர்ச்சிக்கு வருவோம். தொல்காப்பியர் பெரும்பொழுது ஆறு என்றார். ஆண்டெல்லாம் வெயிலும் மாலை மழையுமாக இருக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்தப் பகுப்பு செல்லாது. இங்கே பருவத்தை அறிய வானத்தைப் பார்த்துப் பயனில்லை. இன்பாக்ஸைப் பார்க்க வேண்டும். தங்கக் கட்டிப் படமும் ஆரஞ்சுப் பழமும் வந்தால் சீனப் புத்தாண்டு. கெத்துப்பாட் படம் வந்தால் நோன்புப் பெருநாள். தேசியக் கொடியான ஜாலூர் கெமிலாங் பறந்தால் ஆகஸ்டு 31 நெருங்குகிறது. அதன்பின் 9.9, 10.10, 11.11, 12.12 என்று எண்ணே பண்டிகையாகிவிடும். இடையில் குத்துவிளக்கு, ரங்கோலி, பட்டுப்புடவை. தீபாவளி வாழ்த்து முதலில் வந்து சேர்வது அத்தையிடமிருந்து அல்ல, மெத்தைக் கடையிலிருந்து. பல்லினம் வாழும் நாட்டில் குப்பை மடலுக்கு ஓய்வு மாதமே இல்லை.

இவ்வளவும் நம் வீட்டு முகவரியை எப்படிக் கண்டுபிடித்தன? களஆய்வில் இங்கேதான் திடுக்கிட வேண்டியிருந்தது. பெரும்பாலானவற்றுக்கு நாமே வழிசொல்லியிருக்கிறோம். பேரங்காடிக் கல்லாவில் நடக்கும் உரையாடல் ஏறக்குறைய எங்கும் ஒன்றுதான்.

“அங்கிள், மெம்பர் ஆனா பத்து வெள்ளி கழிவு. இமெயில் மட்டும் சொல்லுங்க.”

“எழுதிக்கம்மா. பி... பி ஃபார் பினாங்கு.”

பின்னால் வரிசையில் நிற்பவர்களும் குறித்துக்கொள்ளும் அளவுக்கு உரக்க ஓதி முடிப்பார். பத்து வெள்ளி அன்றே செலவாகிவிடும்; மடல் பேரன் காலம்வரை வரும்.

சட்டம் சும்மா இருக்கவில்லை. 2013 நவம்பரில் நடப்புக்கு வந்த 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 43-ஆம் பிரிவுப்படி, என் விவரத்தை வைத்து எனக்கு விளம்பரம் அனுப்பாதே என்று எழுத்து மூலம் ஒரு கடைக்கு நாம் உத்தரவிடலாம். கடை கேட்காவிட்டால் ஆணையரிடம் போகலாம். அவர் உத்தரவையும் மீறினால் 2,00,000 ரிங்கிட் வரை அபராதம், ஈராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். விவரம் ஏன் வாங்குகிறோம் என்ற அறிவிப்பைக் கடைக்காரர் மலாயிலும் ஆங்கிலத்திலும் தரவேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது. தமிழில் இல்லையே என்று வருந்த வேண்டியதில்லை. மற்ற இரண்டிலும் யாரும் படிப்பதில்லை.

இனி ஒடுக்கம். குடும்பத் தலைவர்கள் கையாளும் மரபான முறை அழித்தல். காலையில் காப்பியோடு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தொட்டு, குப்பைத் தொட்டிக்கு அனுப்புவது. இது வாசலைக் கூட்டிவிட்டு மரத்தை அப்படியே விட்டுவைப்பது போன்றது. அழிப்பதிலிருந்து மின்னஞ்சல் சேவையின் வடிகட்டி கற்றுக்கொள்வது அரிது. ‘ஸ்பேம்’ என்று புகார் செய்தால்தான் கற்கும். 1761-இல் காலமான இங்கிலாந்துப் பாதிரியார் தாமஸ் பேய்ஸ் விட்டுப்போன நிகழ்தகவுக் கணக்கை வைத்து, எந்தச் சொல் வந்தால் குப்பையாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணிக்கும் முறையைக் கணினி நிரலாளர் பால் கிரகாம் 2002-இல் ஒரு கட்டுரையில் பரப்பினார். அன்று முதல் வடிகட்டிக்கு நம் தீர்ப்பே பாடநூல். ஆசிரியர் பொறுப்பாக இருக்க வேண்டும். கோயில் திருப்பணி மடலைக் கோபத்தில் ஸ்பேம் என்று குத்திவிட்டு, கும்பாபிஷேகத்துக்கு அழைக்கவில்லை என்று கோயில் தலைவரிடம் சண்டைக்குப் போகக் கூடாது.

இரண்டாம் முறை விலகல். அறிந்த கடையின் மடல் என்றால் விலகும் பொத்தானை அஞ்சாமல் அழுத்தலாம். ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்பும் விளம்பரதாரர்கள் ஒரே சொடுக்கில் விலக வழி தரவேண்டும், இரண்டு நாளுக்குள் பெயரை எடுக்கவேண்டும் என்ற விதியைக் கூகுள் 2024-இல் நடப்புக்குக் கொண்டுவந்தது. அறியாத ஆசாமி என்றால் அழுத்தவே கூடாது. “இங்கே ஆள் குடியிருக்கிறார்” என்று நாமே கதவைத் திறந்து சொன்னதாகிவிடும். “அப்பா, தெரியாதத தொடாதீங்கப்பா” என்று மகன் சொல்வது இந்த இடத்துக்கு மட்டும் முழுக்கப் பொருந்தும்.

மூன்றாவது, உளவு. ஜிமெயிலில் அட் குறிக்கு முன்னால் ஒரு கூட்டல் குறியும் கடைப் பெயரும் சேர்த்துக் கொடுத்தாலும் மடல் நம்மிடமே வரும். செருப்புக் கடைக்குக் கொடுத்த முகவரியில் காப்புறுதி விளம்பரம் வந்தால் விற்றது யார் என்று தெரிந்துவிடும். சில படிவங்கள் கூட்டல் குறியை ஏற்பதில்லை. அந்தக் கடைகளுக்கென்று தனி முகவரி ஒன்று தொடங்கி, பண்டிகைக்குப் பண்டிகை திறந்து பார்த்தால் போதும்.

“வந்தா வந்துட்டுப் போகுது, இடமா அடைக்குது?” என்பார் மறுப்பாளர். இடம் அடைக்காததுதான் கேடு. 2004 ஏப்ரல் 1-இல் ஜிமெயில் 1 ஜிபி இடம் தந்தபோது ஹாட்மெயிலில் இருந்தது 2 எம்பி. இடம் குறுகியிருந்தவரை வீட்டைக் கூட்டினோம், பெருகியதும் விட்டுவிட்டோம். அந்தக் குவியலுக்குள் வங்கியின் பெயரில் வரும் பொய் மடல் மெய் மடலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆகவே வாசகர்களே, கல்லாவில் கேட்டால் “இமெயில் வேணாம்மா” என்று சொல்லிப் பழகுங்கள். அப்படி ஒரு பொய் மடலை நம்பி ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் இக்கட்டுரையை இத்தோடு மூடிவைத்துவிட்டு உடனே மோசடிப் புகாருக்கான 997-ஐ அழையுங்கள்.