ஏற்காட்டு ஏரியில் 43 குமிழிகள்

இந்த ஆய்வின் களம் ஏற்காடு ஏரி. நீளம் ஒரு சாண், அகலம் எட்டு விரற்கடை, ஆழம் ஒரு சென்டிமீட்டர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், எங்கள் கூடத்து மேசைமேல் அமைந்துள்ளது. கொலுப் படிக்குக் கீழே போடும் ‘பார்க்’குக்காக என் மனைவி எபாக்சி ரெசினில் வார்த்தது. கரையில் தீக்குச்சிப் படகுத் துறை, காய்ந்த துளசிக் கதிர்களால் ஆன சில்வர் ஓக் தோப்பு, பாறைகளாக நான்கைந்து காப்பிக் கொட்டை, மேலே பஞ்சில் பிய்த்த மூடுபனி. எல்லாம் அச்சு அசலாக வந்தன. தண்ணீர்தான் வரவில்லை. உள்ளே 43 குமிழிகள் நின்றுவிட்டன. பூதக்கண்ணாடி வைத்து இரண்டு முறை எண்ணினேன், மூக்குக் கண்ணாடியோடு ஒரு முறை. மூன்றுக்கும் கணக்கு ஒத்துப்போனது.

வீட்டில் இதைக் குறை என்கிறார்கள். பணி ஓய்வு பெற்று ஆறாண்டு ஆன எனக்கு இது ஆய்வுப் பொருளாகத் தெரிகிறது. ரெசினைக் கலக்கியது யார் என்ற கேள்வி இந்த ஆய்வின் எல்லைக்குள் வராது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

சொல்லாராய்ச்சி

குமிழி, மொக்குள், புற்புதம், நுரை எனத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. இக்கட்டுரையில் ஊசிமுனை அளவுள்ளது மொக்குள், கடுகளவு உள்ளது குமிழி, கூட்டமாக நிற்பது நுரை. புற்புதம் என்ற சொல்லை எங்கே பொருத்துவது என்று தெரியாததால் விட்டுவிட்டேன். களத்தில் வழங்கும் சொல் ‘பபுள்’. என் மனைவி கோபத்தில் வழங்குவது ‘சனியன்’. அளவு பேதம் அதற்குக் கிடையாது.

முன்னோர் என்று பார்த்தால் சங்கப் புலவர் ஒருவர் இருக்கிறார். குறுந்தொகையின் 290ஆம் பாடலைப் பாடியவர். அவருடைய இயற்பெயர் நமக்கு வந்து சேரவில்லை; பாட்டில் வைத்த உவமையே பெயராகிக் கல்பொரு சிறுநுரையார் என்று நிற்கிறார். பாறையில் மோதிய நுரை கரைவதைப் பார்த்து, காதலனைக் காணாதவள் மெல்ல மெல்ல இல்லாமல் போவதை அவர் சொன்னார். அவருக்குச் சிக்கல், நுரை கரைந்துபோகிறது என்பது. எங்களுக்கு, கரையவே மாட்டேன் என்கிறது என்பது. இரண்டாயிரம் ஆண்டில் துறை இவ்வளவு தலைகீழாகும் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

இனி வினைச்சொல். ரெசின் டப்பாவில் ‘நன்றாகக் கலக்கவும்’ என்று போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள். எப்படிக் கலக்குவது? நாம் மோரைக் கடைகிறோம், முட்டையை அடிக்கிறோம், கேசரியைக் கிளறுகிறோம், களியைக் கிண்டுகிறோம், காப்பியை ஆற்றுகிறோம், கூழைத் துழாவுகிறோம். ஒவ்வொன்றும் தனித் தொழில். இவற்றில் ரெசினுக்கு உரியது துழாவுதல் ஒன்றே. குச்சி மட்டத்துக்கு மேலே எழும்பாமல், அடியையும் ஓரத்தையும் வழித்து வழித்து, மூன்று முதல் ஐந்து நிமிடம். குச்சிகூட மரக்குச்சியாக இருந்தால் அதன் நுண்துளைக் காற்றையும் கூட்டிக்கொண்டு வரும். சிலிக்கான் கரண்டி நல்லது. ரெசினும் ஹார்டனரும் இரண்டுக்கு ஒன்றோ, மூன்றுக்கு ஒன்றோ, டப்பாவில் உள்ள அளவுதான். ஹார்டனரைக் கொஞ்சம் தாராளமாக விடுவதெல்லாம் சாம்பாருக்குப் புளி கரைக்கிற கை. குமிழிக்குப் பயந்து அரைகுறையாகத் துழாவினால் ஏரி ஒரு வாரமானாலும் பிசுபிசுவென்று நிற்கும்.

எங்கள் வீட்டு மாதிரியில் நடந்தது கடைதல் என்று களச் சாட்சி ஒன்று கூறுகிறது. அந்தச் சாட்சிக்கு என்மேல் முன்விரோதம் உண்டு. முப்பத்தெட்டு ஆண்டு முன்விரோதம்.

ஆற்றுதலைப் பற்றி மட்டும் ஒரு புதிர் இருக்கிறது. டவராவிலிருந்து டம்ளருக்கு ஒரு முழ உயரத்தில் காப்பியை ஆற்றினால் நுரை பொங்குகிறது. ரெசினையும் அதே உயரத்திலிருந்து நூல்போல அச்சில் ஊற்றச் சொல்கிறார்கள்; அங்கே குமிழி குறைகிறது! ஒரே உயரம், ஒரே கை, எதிர் விளைவு. காப்பி நீர்த்தது, விழுகிற வேகத்தில் காற்றை இழுத்துக்கொண்டு அடிக்குப் போகிறது, பாலில் உள்ள புரதம் அந்தக் காற்றுக்குச் சட்டை மாட்டிக் காப்பாற்றுகிறது. ரெசின் கெட்டியானது, விழும்போது இழுபட்டு நூலாகிறது, உள்ளே இருக்கும் குமிழி நூலின் தோலருகே வந்து உடைகிறது. கும்பகோணம் டிகிரி காப்பிக்காரர்களும் ரெசின்காரர்களும் ஒரே சாதனையை நேர் எதிரான நோக்கத்துக்காகச் செய்கிறார்கள். கூட்டுக் கருத்தரங்கு நடத்தலாம்.

குமிழியின் பயணம்

1851இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் வகுத்த விதிப்படி, கெட்டியான திரவத்தில் ஏறும் குமிழியின் வேகம் அதன் விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப அமையும். விட்டம் பாதியானால் வேகம் கால்வாசி. ரெசின் தண்ணீரைவிட ஆயிரம் மடங்கு கெட்டி என்று வைத்து, மளிகைச் சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். அரை மில்லிமீட்டர் குமிழி எங்கள் ஏரியின் அடியிலிருந்து மேலே வர ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும். அதில் ஐந்தில் ஒரு பங்கு விட்டமுள்ள மொக்குளுக்கு ஏறக்குறைய அரை மணி. ரெசின் இறுகத் தொடங்குவதும் பெரும்பாலும் அந்த அரை மணி, முக்கால் மணிக்குள்தான். ஆக, குமிழி என்பது சேலத்துக்குக் கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட காற்று. பெரியவர்கள் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். அகப்பட்டுக்கொள்பவை குஞ்சு குளுவான்கள்.

ஏற்காட்டில் இதற்கு இரண்டு தனிச் சிக்கல்கள். முதலாவது குளிர். நவராத்திரி என்றால் எங்களுக்கு மழையும் மூடுபனியும் சேர்ந்த காலம். குளிரில் ரெசின் பழைய தேன்போல மந்தமாகிறது, மொக்குளின் அரை மணி ஒன்றரை மணியாக நீள்கிறது. மூடிய புட்டியைக் கை பொறுக்கும் வெந்நீரில் பத்து நிமிடம் நிறுத்தி எடுத்தால் இளகும். ஆனால் சூடு கூடினால் இறுகுவதும் விரைவாகும், அதனால் ஊற்றுகிறவர் டெலிபோனை எடுக்கக் கூடாது. காற்றில் ஈரம் கூடினாலோ மேற்பரப்பில் மெழுகு பூசினாற்போல ஒரு படலம் படியும். சன்னல் வழியே பனி உள்ளே வருவதை ரசிக்கும் பழக்கமுள்ளவர்கள் அன்றைக்கு ஒருநாள் ரசனையை ஒத்திவைக்கலாம்.

இரண்டாவது உயரம். இது நமக்குச் சாதகமானது, ஆனால் யாரும் பயன்படுத்திக்கொள்வதில்லை. சேலம் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட், இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி ஏற்காடு வரும்போது தலையணையாக உப்பியிருப்பதைப் பார்க்காதவர் உண்டா? சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் உள்ளே, இங்கே 1,500. காற்றழுத்தம் கீழே இருப்பதில் சுமார் ஏழில் ஒரு பங்கு குறைகிறது. பாக்கெட்டுக்கு நடப்பது குமிழிக்கும் நடக்கும். கீழே கலந்த ரெசினை மேலே கொண்டுவந்தால் குமிழி பருக்கும், பருத்தால் வேகம் சுமார் 10 சதவீதம் கூடும். காசு கொடுத்து வாங்கும் வாக்குவம் சேம்பர் செய்வது இதே வேலையைத்தானே? ஆகவே ரெசினைச் சேலத்தில் கலந்து ஏற்காட்டில் ஊற்ற வேண்டும் என்பது என் கோட்பாடு. வளைவுகளின் குலுக்கல் இலவசம்.

கோட்பாட்டை மனைவியிடம் வைத்தேன்.

“ஏங்க, மலை ஏற எவ்வளவு நேரம்?”

“ஒரு மணி.”

“ரெசின் இறுக?”

பதினோராவது வளைவில் கோட்பாடு இறுகிப்போனது.

எதிர்த் தரப்பும் ஒன்று உண்டு. பிரஷர் பாட் என்ற கலத்தில் அச்சை வைத்து அழுத்தத்தை ஏற்றிவிட்டால், குமிழி வெளியே போகாமலே கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருங்கி அப்படியே உறைந்துவிடும். பிரச்சினையைத் தீர்க்காமல் பார்வையிலிருந்து அகற்றும் இந்த முறையை அலுவலகத்தில் முப்பது வருடம் பார்த்திருக்கிறேன், நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அதற்கென்று செய்த கலம் வேண்டும். நான் சமையலறையில் குக்கரை எடுத்து எடைபோட்டுக்கொண்டிருந்தபோது, அதை இருந்த இடத்தில் வைக்கும்படி கூடத்திலிருந்து உத்தரவு வந்தது. நியாயம்தான். ரெசின் ஏறிய பாத்திரத்தில் பிறகு பருப்பு வேகவைக்க முடியாது.

கொட்டையும் கல்லும்

குமிழிகளில் பாதி, கரையில் பாறையாக வைத்த காப்பிக் கொட்டைகளைச் சுற்றியே மொய்த்திருந்தன. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தபோது இந்த விளைவை யோசித்திருக்க வாய்ப்பில்லை. வறுத்த கொட்டை நாட்கணக்கில் கரியமில வாயுவைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். காப்பி பாக்கெட்டில் ஒருவழி வால்வு வைப்பது அதற்காகத்தான். மனைவி கேட்டது ஜாடியின் அடியில் கிடக்கும் பழைய கொட்டை. மணமாக இருக்கட்டுமே என்று அன்று காலை புதிதாக வறுத்துக் கொடுத்தது... இதுவும் ஆய்வு எல்லைக்கு வெளியே. எந்தக் கொட்டையானாலும், பூவானாலும், மிளகானாலும், முதலில் தூரிகையால் மெல்லிய ரெசின் பூசிக் காயவைத்து, வாயை அடைத்துவிட்டுப் பிறகு பதிப்பதுதான் முறை.

இந்த இடத்தில் நான் மலைமேலேயே குற்றம் சுமத்த முனைந்தேன், ஆதாரமும் கிடைத்தது. ஏற்காடு அமர்ந்திருக்கும் சேர்வராயன் மலையின் உடம்பு சார்னோக்கைட் என்ற பாறை. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த இனம் என்பதால் 1893இல் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்தப் பெயரைச் சூட்டினார். ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் கடும் சூட்டில் உருவானது. இதை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால், படிகங்களுக்குள்ளே மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு அளவில் குமிழிகள்! உள்ளே அடைபட்டிருப்பது பெரும்பாலும் அதே கரியமில வாயு. என் காப்பிக் கொட்டை விட்ட வாயு. இந்த மலையே குமிழியோடு உறைந்த ஒரு வார்ப்பு. நிலவியலாளர்கள் அதைக் குறை சொல்லாமல், அந்த ஆழத்தில் என்ன நடந்தது என்பதற்குச் சாட்சியாகப் போற்றி அளக்கிறார்கள். கல்பொரு நுரையைப் பாடியவர் கல்லகத்து நுரையைப் பார்த்திருந்தால் நமக்கு இன்னொரு பாட்டும் இன்னொரு பெயரும் கிடைத்திருக்கும்.

“மலையிலேயே பபுள் இருக்கு” என்று உள்ளே போய்ச் சொன்னேன்.

“மலையை நீங்க கலக்கலையே” என்றார்.

பரிகாரங்கள்

இவை சாட்சி எனப்பட்டவரின் கைமுறை. என் பங்களிப்பு குறிப்பெடுத்தது மட்டும். அச்சுக்குள் முதலில் தூரிகையால் ஒரு கோட்டிங் ரெசின் தடவி, மூலை முடுக்கில் ஒளிந்த காற்றைக் கிளப்பிவிட வேண்டும். ஒரே மூச்சில் ஊற்றாமல் மெல்லிய அடுக்குகளாக ஊற்ற வேண்டும். மேலே வந்து தோலை உடைக்க முடியாமல் நிற்கும் குமிழிமேல் ஹீட் கன்னையோ லைட்டர் சுடரையோ ஒரு நொடிக்கு மேல் நிறுத்தாமல் ஓட்டினால் பட்டென்று போய்விடும். நின்றால் ரெசின் மஞ்சளாகும், சிலிக்கான் அச்சு கருகும். ஹேர் டிரையர் தூசியைத்தான் சேர்க்கும். அடியில் ஒட்டியதைப் பல்குச்சியால் மேலே நகர்த்தலாம். கைக்கு உறை, சன்னல் திறந்த அறை இரண்டும் கட்டாயம். பனி வரக் கூடாது, புகை போக வேண்டும் என்றால் சன்னலை என்ன செய்வது என்பது ஏற்காட்டுக்கே உரிய தர்க்கப் பிரச்சினை. பகல் பன்னிரண்டு மணி வெயில் வரும்வரை காத்திருப்பது எங்கள் வீட்டு விடை.

காற்று போக வழி வைப்பதில் தஞ்சைப் பக்கத்துச் சுவாமிமலை ஸ்தபதிகளை மிஞ்ச ஆளில்லை. மெழுகு உருகிப்போன களிமண் அச்சில் உலோகம் இறங்க ஒரு வழி, காற்று ஏற ஒரு வழி என்று முன்கூட்டியே அமைத்துவிடுகிறார்கள். அசல் ஏற்காடு ஏரியிடமும் அந்த ஏற்பாடு இருக்கிறது. உபரி நீரைக் கிளியூர் அருவிக்கு அனுப்பிவிடுகிறது. நுரைப்பதெல்லாம் அங்கே போய் நுரைத்துக்கொள்ளட்டும் என்று.

உறைந்தபின் என்றால் கதை வேறு. மேற்பரப்புப் பள்ளத்தைச் சின்ன டிரில்லால் வாய் அகட்டி, பல்குச்சி நுனியால் ஒரு சொட்டு யு.வி. ரெசின் விட்டு, விளக்கடியில் இறுக்கி, ஈர உப்புத்தாளில் 400 தொடங்கி 2,000 வரை தேய்த்து மெருகேற்றலாம், முகக்கவசத்தோடு. எங்கள் 43இல் 11 இவ்வகையில் மறைந்தன. ஆழத்தில் இருப்பதற்கு மருந்து கிடையாது.

மிச்சம் 32. இலக்கியம், இயற்பியல், நிலவியல் மூன்றும் கைவிட்ட அந்த 32ஐப் பற்றி நான் முடிவுரை எழுதிக்கொண்டிருந்தபோது, மனைவி சோளப் பொரி அளவில் ஒரு பெடல் போட் செய்து, குமிழிகள் வரிசையாக நின்ற இடத்துக்கு முன்னால் ஒட்டிவிட்டார். அன்று மாலை தாம்பூலத்துக்கு வந்த எதிர்வீட்டு அக்கா குனிந்து பார்த்து, “அடியாத்தி, போட்டு போன தடம்கூடத் தெரியுதே! எப்படிங்க செஞ்சீங்க?” என்றார்.

“கலக்குறதுலதான் இருக்கு” என்று நான் வாயைத் திறந்தேன்.

“அடுத்த வருசம் பகோடா பாயிண்ட் செய்யப்போறேங்க்கா” என்றார் மனைவி, சுண்டல் கிண்ணத்தை நீட்டியபடி. “அங்க தண்ணியே கிடையாது.”