கலப்புக் கல்வி: மாணாக்கர் இயல்

நன்னூல் செய்த பவணந்தியார் மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, ஆடு, எருமை முதலிய எட்டுப் பொருளுக்கு ஒப்பிட்டு, தலை, இடை, கடை என மூன்றில் அடக்கினார். அவர் காலத்தில் வகுப்பறை ஒன்றே. அங்கே ஆடானவன் எங்கும் ஆடே. பாதி திரையிலும் மீதி நேரிலுமாகக் கற்கும் இக்காலத்துக்கு அவ்விதி பொருந்தாது. வகை என்பது ஆளுக்கு உரியதன்று, இடத்துக்கு உரியது என்பதே எம் துணிபு.

இதற்கு இலக்கியம் என்பிடெல் எனும் இணையவழிக் கல்வித் திட்டம். 2003இல் ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்ஸியும் கூடித் தொடங்கியது. பாடம் காணொளியில், வாராந்தர அசைன்மென்ட் இணையத்தில், தேர்வுக்கு மட்டும் மையத்துக்கு நேரில் போக வேண்டும்.

பசு வயிறார மேய்ந்து, பின் ஓரிடத்தில் கிடந்து அசைபோடும். ஆதலின் தலை மாணாக்கன். திரைப்பசுவோ மேய்வதோடு சரி. 12 வாரக் காணொளியையும் டவுன்லோடு செய்து ஃபோல்டரில் கட்டிவைத்ததும் அதன் கல்வி நிறைவுற்றது. குளத்தைக் கலக்கும் எருமை, நேரலை வகுப்பில் மைக்கை அணைக்காமல் வீட்டுக் குக்கர் விசிலை எல்லோர்க்கும் வழங்கும். ஆடு ஒரு செடியில் நில்லாது. அதற்குத் திறந்த டேப் பதினேழு. மண் பற்றி உரைக்க ஒன்றுமில்லை.

கிளி விரித்து உரைக்கத் தக்கது. அசைன்மென்டுக்குக் கெடு புதன் இரவு 11.59. பத்து மணிவாக்கில் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கிளி "1 பி, 2 டி, 3 ஏ" என்று கூவும். கெடுவுக்குள் விடுதி முழுதும் அதையே கூவும். முதற்கிளி யாரென்பதில் உரைகாரர் மாறுபடுவர்: சீனியர் என்பர் ஒருசாரார், டெலிகிராம் என்பர் மறுசாரார்.

அற்றேல், விதி வகுத்தோர் இதை அறியாரோ எனின், நன்கறிவர். அதனாலன்றோ அசைன்மென்டுக்கு 25, நேர்த்தேர்வுக்கு 75 எனப் பகுத்தனர்! தேர்வில் 30 தேறாவிடின், 25க்கு 25 வாங்கிய கிளிக்கும் சான்றிதழ் இல்லை.

இனிப் புறனடை. தேர்வுக்கு முந்தைய இரவு, விடுதி வராந்தா. தரையில் ஒரு லேப்டாப், சுற்றி ஏழெட்டுத் தலைகள். பாடத்தை உண்மையாகவே பார்த்தவன் ஒருவன். "மச்சான், மொத்தத்தையும் அரை மணி நேரத்துல சொல்லுடா" என்கிறார்கள். சொல்கிறான், புரியாத முகத்தைப் பார்த்து நிறுத்துகிறான், வேறு விதமாகத் திரும்பச் சொல்கிறான். திரையில் ஆடும் எருமையுமாகத் திரிந்தவை இங்கே அன்னமாகி, 'இது வரும், இது வராது' என்று பாலையும் நீரையும் பிரிக்கின்றன. இதனை நேர்வழிக் கல்வியுள் அடக்கினோம். லேப்டாப் திறந்திருந்தமையின் இணையவழியே என்பாரும் உளர். அது பொருந்தாது, அதில் ஓடிக்கொண்டிருந்தது கிரிக்கெட்.