கால் கிலோவுக்கு ஒரு கிராம் குறைவு

சிவகாசி வட்டாரத்தில் வானேறும் பொருள்கள் நெடுங்காலமாக ஒரே குணம் உடையவையாக இருந்துவந்தன. திரியில் நெருப்பு வைத்தால் அவை மேலே போகும், வெடிக்கும், திரும்பி வருவதில்லை; குச்சி மட்டும் யார் வீட்டு ஓட்டின் மேலாவது விழ, மறுநாள் காலையில் அதை ஏற்றிவிட்டவர் அவ்வீட்டாரின் வாயில் விழுவார். ராக்கெட் எனப்படும் அவ்வாணம், தன்னைப் பற்றவைப்பவரின் பெயர், பிறந்த நாள், மின்னஞ்சல் முகவரி முதலியவற்றை அறிய ஆவல் காட்டியதில்லை என்பதும், போன தீபாவளிக்கு வாங்கி மிஞ்சியதை இந்தத் தீபாவளிக்கு ஏற்றுமுன் அதைச் செய்த ஆலையிடம் யாரும் அனுமதி கேட்டதில்லை என்பதும் இவ்விடத்தில் கருதத்தக்கவை. அதே வானத்தில் அண்மை ஆண்டுகளில் நான்கு விசிறிகளோடு புகுந்திருக்கும் டிரோன் வேறு இனத்தைச் சேர்ந்தது. அது ஏறும், நிற்கும், பார்க்கும், சொன்னால் திரும்பியும் வரும். ஆனால் ஏறுமுன் அது கேட்கும் கேள்விகள், சம்பந்தம் பேச வந்த மாப்பிள்ளை வீட்டார் கேட்பவற்றையும் விஞ்சிவிடும்.

இக்கருவியைச் சட்டம் எடைகொண்டு வகைப்படுத்துகிறது. 2021 ஆகஸ்டில் வெளியான டிரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்படாதவை நானோ வகையிலும், அதற்கு மேல் 2 கிலோ வரையிலானவை மைக்ரோ வகையிலும் அடங்குகின்றன. நானோ வகையை இயக்குவதற்குத் தொலை இயக்குநர் சான்றிதழ் தேவையில்லை. இத்தகைய எடை எல்லைகளால் உலகெங்கும் டிரோன் செய்வோர் தம் சிறிய கருவிகளை 249 கிராமில் நிறுத்துவதை ஒரு கலையாகவே வளர்த்துள்ளனர். ஸ்ரீவில்லிபுத்தூரை அறிந்தவர்களுக்கு இந்த அளவை விளக்குவது எளிது: கால் கிலோ பால்கோவாவுக்கு ஒரு கிராம் குறைவு. விசிறிகள் விரலை வெட்டாதிருக்க மாட்டப்படும் பிளாஸ்டிக் காப்பு வளையத்தைச் சேர்த்தாலோ, கருவி எல்லையைத் தாண்டி அடுத்த வகைக்குள் போய்விடுகிறது. பாதுகாப்பைக் கூட்டினால் சட்டச் சுமையும் கூடுகிறது என்னும் இம்முரண்பாட்டை எந்தப் பால்கோவாக் கடைக்காரரும் ஒத்துக்கொள்ளமாட்டார்.

இனி நிலைபொருள் என்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஃபார்ம்வேர் என்று கடைக்காரர்களும் நிலைபொருள் என்று கலைச்சொல் அகராதிகளும் வழங்கும் இது, கருவிக்குள்ளேயே பதிக்கப்பட்டு, விசிறி எவ்வளவு வேகமாகச் சுழல வேண்டும், மின்கலம் எந்த அளவுக்கு இறங்கினால் வீடு திரும்ப வேண்டும், எந்த இடத்தின் மேல் பறக்கவே கூடாது என்பனவற்றையெல்லாம் முடிவுசெய்யும் நிரல். அதாவது கருவியின் மனசாட்சி. மனிதரின் மனசாட்சிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, இதனை ஆக்கியவர் தொலைவிலிருந்தபடியே எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதே. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு சிவகாசிக்குத் திரும்பினார்கள். கற்றது கற்றதுதான், கல்கத்தாவிலிருந்து மாதந்தோறும் ஒரு திருத்தம் வந்து, அதை ஏற்கும்வரை குச்சி பற்றாது என்னும் நிலை அவர்களுக்கு நேரவில்லை.

டிரோன் உலகில் அத்தகைய நிலை நேர்ந்திருக்கிறது. 2015 ஜனவரியில் வாஷிங்டனில், அமெரிக்க அதிபரின் வெள்ளை மாளிகைப் புல்வெளியில் டிஜேஐ நிறுவனத்தின் சிறு டிரோன் ஒன்று நள்ளிரவு கடந்த வேளையில் விழுந்தது. சில நாள்களில் அந்நிறுவனம், அந்நகரின் மையத்தைச் சுற்றி 25 கிலோமீட்டர் ஆரத்துக்குள் தன் கருவிகள் கிளம்பவே கிளம்பாதபடி நிலைபொருளை மாற்றப்போவதாக அறிவித்தது. ஒருவர் விட்ட பட்டம் கோயில் கலசத்தில் சிக்கியதற்காக ஊரில் உள்ள நூல்கண்டு அனைத்தையும் ஒரே இரவில் முடிச்சுப் போட்டுவைப்பதற்கு இது நிகர். 2017இல் அதே நிறுவனம் ஸ்பார்க் என்னும் தன் டிரோனுக்கு ஒரு புதுப்பிப்பை வெளியிட்டு, செப்டம்பர் 1ஆம் தேதிக்குள் அதை ஏற்றுக்கொள்ளாத கருவிகள் தரையை விட்டு எழா என்று கெடு வைத்தது. பறக்கும்போதே மின்சாரம் நின்று விழுந்ததாகப் புகார்கள் வந்திருந்தமையால் அதில் நியாயமும் இருந்தது. ஆயினும் காலக்கணக்கில் ஒரு சுவை உண்டு: அக்கெடுவுக்குச் சரியாக எட்டு நாள் முன்னர், ஆகஸ்ட் 24ஆம் தேதி, இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்திருந்தது. மனிதனுக்குத் தனித்திருக்கும் உரிமை உண்டு என்பது உறுதியான அதே பருவத்தில்தான், அவன் காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு அவனோடு தனித்திருக்கும் உத்தேசம் இல்லை என்பதும் உறுதியாயிற்று.

புதுப்பிப்போடு வரும் குறிப்பு தனி இலக்கிய வகையாகக் கொள்ளத்தக்கது. "அறியப்பட்ட சில குறைகள் களையப்பட்டன, நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டது" என்ற அளவோடு அது நின்றுவிடும். எந்தக் குறை, யாரால் அறியப்பட்டது, அக்குறையோடு நேற்றுவரை தலைக்கு மேல் பறந்த கருவி எந்தத் துணிவில் பறந்தது என்பனவெல்லாம் சொல்லப்படுவதில்லை. சிவகாசியில் அச்சாகும் தினசரிக் காலண்டரின் தாளில் மேஷத்துக்கு 'நன்மை' என்றும் ரிஷபத்துக்குப் 'பயம்' என்றும் ஒற்றைச் சொல்லில் பலன் போட்டிருப்பதை ஒப்பிட்டால், காலண்டரே வெளிப்படையானது. அது பயத்தையும் சொல்லிவிடுகிறது.

புதுப்பிக்கும் முறை எளிதென்றே கையேடு கூறும். கருவியில் மின்கலம் பாதிக்கு மேல் நிரம்பியிருக்க வேண்டும், கைக்கட்டுப்பாட்டுப் பெட்டியும் அவ்வாறே இருக்க வேண்டும், கைபேசியில் இடம் இருக்க வேண்டும், இணையம் அறுபடக் கூடாது. உபரி மின்கலங்களுக்கும் தனித்தனி நிலைபொருள் இருப்பதால் அவற்றையும் ஒவ்வொன்றாகச் செருகி, பந்தியில் கடைசி ஆள் வரை பாயசம் போவதைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரைப் போல் முடித்துவைக்க வேண்டும். இக்கட்டுரையாசிரியர் இவை அனைத்தையும் நிறைவேற்றிக் காலை ஒன்பது மணிக்குப் புதுப்பிப்பைத் தொடங்கியபோது, ராகுகாலம் எமகண்டம் இரண்டையும் காலண்டரில் பார்த்துத் தவிர்த்திருந்தார். துணை மின்நிலையத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளை மட்டும் செய்தித்தாளில் பார்க்கத் தவறியிருந்தார். நூற்றுக்கு அறுபத்தேழு என்ற எண்ணில் இணையப் பெட்டியின் விளக்கு அணைந்தது. பாதியில் நின்ற புதுப்பிப்பால் உயிரிழந்த கருவியை இத்துறையினர் 'செங்கல்' என்று குறிப்பிடுவர். வீடு கட்டவும் உதவாத ஒன்றுக்கு அப்பெயர் பொருந்தாது என்பது ஒருபுறமிருக்க, கட்டுரையாசிரியரின் டிரோன் அவ்விதியைத் தப்பி, மாலை ஐந்து மணிக்கு மின்சாரம் வந்தபின் எதுவுமே நடவாததுபோல் பூச்சியத்திலிருந்து தொடங்கியது.

புதுப்பிப்புக்குப் பின் கருவியின் திசைகாட்டியைச் சீர்செய்யுமாறு கைபேசிச் செயலி பணிக்கலாம். மாடித் தளத்தின் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகள் திசைகாட்டியைக் குழப்பக்கூடியவை என்பதால், கருவியை உயரத் தூக்கிப் பிடித்து, முதலில் கிடையாக ஒரு முழுச் சுற்றும் பின்னர் மூக்கைக் கீழ்நோக்கி வைத்து இன்னொரு முழுச் சுற்றும் சுற்ற வேண்டும். ஒருவர் அந்தி நேரத்தில் மொட்டை மாடியில் நின்று கறுத்த பொருள் ஒன்றைத் தலைக்கு மேல் வைத்துச் சுற்றுவதைத் தமிழ்நாட்டில் எவரும் அறிவியற் செயலாகக் கருதுவதில்லை. வடகம் அள்ளிக்கொண்டிருந்த அடுத்த வீட்டு அம்மாள், "யாருக்கு அண்ணாச்சி திருஷ்டி? முச்சந்தியில போட்டு உடைச்சிறாதீங்க, விலை கூடின சாமான் மாதிரி இருக்கு" என்று கேட்டதில் இகழ்ச்சி சிறிதும் இல்லை, பரிவே இருந்தது.

அந்தரங்கம் பற்றிய ஆராய்ச்சி இங்கிருந்து தொடங்குகிறது. நம் ஊர்களில் மொட்டை மாடி என்பது கூரையற்ற உள்ளறை. வற்றல் காய்வதும், தலை முழுகிய கூந்தல் உலர்வதும், மருமகள் தன் தாயிடம் கைபேசியில் அழுவதும் அங்கேதான். தெருவுக்குத் தெரியக் கூடாதென்று சுவர் எழுப்பிய முன்னோர், மேலிருந்து பார்ப்பவன் கடவுள் ஒருவனே என்று நம்பி மேற்புறத்தைத் திறந்துவிட்டனர். அந்நம்பிக்கையில் இப்போது விரிசல் கண்டுள்ளது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் தம் சொந்த, வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுகளுக்குப் பொருந்தாது என்பதால், அடுத்த மாடியின் வடகத்தைப் பொழுதுபோக்காக எண்ணியவரை அச்சட்டம் பிடிக்காமல் போகலாம். வடகம் இட்டவர் பிடிப்பார். பெண்ணொருவர் பிறர் பார்வை எதிர்பாராத தனிமையில் இருக்கையில் அவரைப் படமெடுப்பதோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவின்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம்; அதைச் செய்தது 249 கிராம்தான் என்ற வாதம் அங்கே எடுபடாது.

இப்பொதுநிலையோடு இவ்வட்டாரத்துக்கே உரிய சிறப்புநிலை ஒன்றும் சேர்கிறது. யார் வீட்டில் எத்தனை பவுன் போட்டார்கள் என்பது சிவகாசியில் அந்தரங்கம் அன்று. பட்டாசுக்கான மணிமருந்தில் எது எத்தனை பங்கு என்பதே அந்தரங்கம், அதைச் சொந்த மைத்துனனும் அறியான். உரிமமின்றிப் பட்டாசு செய்யும் இடங்களைத் தேடி அதிகாரிகள் டிரோன் விடுவது செய்திகளில் அடிபடும் விஷயமாதலால், தலைக்கு மேல் வண்டு போல் ஓர் இரைச்சல் கேட்டால் இங்கே குழந்தைகள் மட்டும் அண்ணாந்து பார்க்கிறார்கள், பெரியவர்களில் சிலர் சுற்றுமுற்றும் பார்க்கிறார்கள். மாலைச் சூரியனைப் படம்பிடிக்க ஏற்றிய பொம்மை, நாக்பூரிலிருந்து, அதாவது வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் தலைமையகத்திலிருந்து, நேரே வந்ததாகவும் கருதப்படலாம். ஆலைகளின் மேல் பறக்கவிடுவது குறித்து நகைச்சுவைக்கு இடமில்லை. கைபேசியை வெளியே வைத்துவிட்டு, உடலில் ஏறிய நிலைமின்சாரம் இறங்குவதற்காகச் செப்புத் தகட்டைத் தொட்ட பிறகே தொழிலாளர் மருந்து அறைக்குள் நுழையும் இடத்தில், திறந்த மேடையில் மருந்து காய்ந்துகொண்டிருக்க, அடிபட்டால் தீப்பற்றக்கூடிய லித்தியம் மின்கலத்தை அதற்கு மேலே மிதக்கவிடுவது அறிவுடைமை ஆகாது. நிலைபொருள் விமான நிலையத்தைத் தடுக்கப்பட்ட இடமாக அறிந்திருக்கலாம். வெம்பக்கோட்டைச் சாலையோரத்து மருந்து அறையை அறிந்திருக்கும் என்று எதிர்பார்க்க இயலாது.

எனினும் டிரோன் முதன்மையாக வேவு பார்ப்பது அண்டை வீட்டாரை அன்று என்பதே கட்டுரையாசிரியரின் முடிபு. ஒவ்வொரு பறப்பும் எங்கே கிளம்பியது, எவ்வழி சென்றது, எவ்வுயரம் எட்டியது என்று பதிவேடு எழுதப்படுகிறது. அப்பதிவேட்டை நிறுவனத்தின் கணினிகளுக்கு அனுப்பலாமா என்று செயலி கேட்கும்போது, அவசரத்தில் 'சரி' என்று தொடாதவர் அரியர். எடுக்கும் ஒவ்வொரு படத்தின் உள்ளும் மீத்தரவு, அதாவது படத்தின் முதுகில் எழுதிய விலாசம் போன்ற குறிப்பு, அட்சரேகை தீர்க்கரேகை சகிதம் ஒட்டிக்கொள்கிறது. இவை யாவற்றினும் நுட்பமானது ஒலி. விசிறி இரைச்சலில் டிரோனால் எதையும் கேட்க முடியாதென்பதால், சில செயலிகள் கைபேசியின் ஒலிவாங்கி வழியே இயக்குபவரின் பக்கத்து ஒலியைப் பதிந்து, வானத்துக் காட்சியோடு இணைத்துவிடுகின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் தொலைவில் பொன்னிறமாகத் தெரியும் இரண்டு நிமிடக் காணொளி ஒன்று கட்டுரையாசிரியரின் குடும்பக் குழுவில் பகிரப்பட்டபோது, படம் முழுவதும் வானமாகவும், ஒலி முழுவதும் மூத்த சம்பந்தி செய்த சீர்வரிசையின் போதாமை பற்றி அருகில் நின்ற சித்தி ஆற்றிய விரிவுரையாகவும் அமைந்திருந்தது. மூத்த சம்பந்தியும் அக்குழுவில் இருந்தார். கோபுரம் நன்றாக வந்திருப்பதாக மட்டும் அவர் பதிலெழுதினார். அதன் பின் வந்த மூன்று விசேஷங்களுக்கு அவர் வரவில்லை.

ஆகவே புதிதாக டிரோன் வாங்குவோர் செயலியின் அமைப்புப் பகுதியில் ஒரு மாலைப் பொழுதைச் செலவிடுவது தக்கது. இருப்பிடத்தைச் செயலி பயன்பாட்டில் இருக்கும்போது மட்டும் அறியவிடலாம். பதிவேட்டைத் தானாக அனுப்புவதை நிறுத்தலாம். படத்தைப் பகிருமுன் மீத்தரவை நீக்கலாம். ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பின்னரும் இவை பழைய நிலையிலேயே உள்ளனவா என்று பார்ப்பதோடு, வீடு திரும்பும் உயரத்தையும் சரிபார்க்க வேண்டும், ஏனெனில் அடுத்த தெருத் தண்ணீர்த் தொட்டிக்கு நிலைபொருளின் மறதி தெரியாது. ஆடி மாதத்தில் கருவியைப் பெட்டியிலேயே வைத்திருப்பது நலம். அம்மியே பறக்கும் காற்றில் கால் கிலோவுக்கும் குறைந்த பொருள் எம்மாத்திரம்.

ஏற்றுவதற்கு முன் கைப்பிடிச் சுவரருகே நின்று, "மதினி, இதக் கொஞ்சம் மேல விடட்டுமா?" என்று அடுத்த மாடியை நோக்கி ஒரு குரல் கொடுத்துவிடுங்கள். அதற்கும் முன்பாகச் செயலியில் ஒலிப்பதிவை அணைத்துவிடுங்கள். மதினியின் பதில் நீளமாக இருக்கும்.