பத்து சதவீதம் வரை தப்பில்லையா?

கேள்வி: அறிவு எல்லோருக்கும் பொது. அதை எடுத்து எழுதினால் எப்படித் திருட்டாகும்?

பதில்: அறிவு பொதுதான், அதைத் தேடி ஒருவர் அலைந்த அலைச்சல் பொதுவல்ல. பிறருடைய சொல்லையோ கருத்தையோ எடுத்துத் தம்முடையதுபோலக் காட்டுவதே கருத்துத் திருட்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளும் இந்தப் பொருளில்தான் அதை வரையறுக்கின்றன. காவிரி டெல்டாவில் நெல் விளைகிறது என்று எழுத அடிக்குறிப்பு தேவையில்லை. எந்த ஊரில் எவ்வளவு விளைந்தது என்று ஒருவர் வயல்வயலாகப் போய்க் கணக்கெடுத்திருந்தால், அந்தக் கணக்கின் பக்கத்தில் அவர் பெயர் வந்தாக வேண்டும்.

கேள்வி: என் ஆய்வேட்டில் ஒப்புமை பார்க்கும் மென்பொருள் 9 சதவீதம் காட்டுகிறது. நிம்மதியாகத் தூங்கலாமா?

பதில்: அந்த 9 சதவீதத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தூங்கலாம். மென்பொருளுக்குத் தெரிந்தது சொல் ஒற்றுமை மட்டுமே. விதிப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. அதைத் தாண்டி 40 வரை போனால், ஆறு மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால், திருத்திய ஏட்டைக் கொடுக்கவே ஓராண்டு தடை. 60ஐத் தாண்டினால் ஆய்வுப் பதிவே ரத்து.

மூலத்தைச் சுட்டிய மேற்கோள், நூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை ஆகியவை இந்தக் கணக்கில் சேரா. நன்றியுரையை விட்டுவைத்தது பெரிய கருணை. நெறியாளரின் ‘அயராத ஊக்கமும்’ பெற்றோரின் ‘அளவிலா அன்பும்’ இல்லாத ஆய்வேடு உண்டா? ஆனால், ஆய்வின் மையக் கண்டுபிடிப்பே பிறருடையதாக இருந்து அவர் பெயர் மட்டும் இல்லையென்றால், மென்பொருள் பூஜ்யம் காட்டினாலும் அது திருட்டுத்தான்.

கேள்வி: சொற்களை மாற்றிப் போட்டுவிட்டால்?

பதில்: ‘தாமிரபரணிப் பாசனத்தில் கார் சாகுபடி தென்மேற்குப் பருவமழையை நம்பியே நடக்கிறது’ என்று மூலத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். ‘பொருநைப் பாசனத்தில் கார் நெல் விளைச்சல் தென்மேற்குப் பருவக்காற்று தரும் மழையைச் சார்ந்தே நிகழ்கிறது’ என்று மாணவர் எழுதுகிறார். நிகண்டுக்கு வேலை கிடைத்ததே தவிர, சிந்தனைக்குக் கிடைக்கவில்லை. ‘சதவீதம் குறைத்துத் தரப்படும்’ என்று விளம்பரம் செய்பவர்கள் காசு வாங்கிக்கொண்டு செய்து தருவதும் இதைத்தான்.

நல்ல வழி எளியது. மூலத்தைப் படித்து மூடி வைத்துவிட்டு, புரிந்ததைச் சொந்த நடையில் எழுத வேண்டும்; பிறகு மூலத்தோடு ஒப்பிட வேண்டும்; ஆசிரியர், ஆண்டு, பக்கம் மூன்றையும் அங்கேயே குறிக்க வேண்டும். மூலத்தின் சொற்களே தேவைப்பட்டால் மேற்கோள் குறிக்குள் அப்படியே தரலாம். பெரும்பாலான விபத்து நடப்பது குறிப்பேட்டில்தான். நகலெடுத்த வரி எது, சொந்த வரி எது என்று ஆறு மாதம் கழித்து எழுதியவருக்கே தெரியாது. மேற்கோள் குறியைக் குறிப்பெடுக்கும்போதே போட்டுவிடுவது நல்லது.

கேள்வி: தமிழ் நூலை ஆங்கிலத்தில் பெயர்த்துப் போட்டால் யாருக்குத் தெரியும்?

பதில்: மென்பொருளுக்குத் தெரியாமல் போகலாம். வாய்மொழித் தேர்வில் எதிரே உட்கார்ந்திருப்பவர் அந்தத் தமிழ் நூலைப் படித்திருக்கலாம், எழுதியவராகவும் இருக்கலாம். மொழி மாறினாலும் கடன் கடன்தான்.

கேள்வி: சொந்தக் கட்டுரையையே மறுபடி பயன்படுத்தினால்?

பதில்: முன்பு எங்கே வெளிவந்தது என்று சொல்லிவிட்டால் சிக்கல் குறைவு. சொல்லாமல் ஒரே கட்டுரையை இரண்டு இதழ்களுக்குக் கொடுத்து இரண்டு மதிப்பெண் வாங்குவதைக் கல்வியுலகம் ஏற்பதில்லை.

கேள்வி: பட்டம் வாங்கியாயிற்று. இனி என்ன பயம்?

பதில்: பட்டம் பெற்ற பிறகு திருட்டு நிரூபணமானாலும் பட்டத்தை நிறுத்தி வைக்க 2018 விதிமுறைகள் இடம் தருகின்றன. இந்திய ஆய்வேடுகள் ‘சோத்கங்கா’ இணையக் களஞ்சியத்தில் ஏற்றப்படுவதால், இன்று தப்பியவரின் ஏட்டை நாளை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். ஜெர்மனியின் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் குட்டன்பெர்க்கின் முனைவர் பட்டத்தை பைராய்ட் பல்கலைக்கழகம் 2011 பிப்ரவரியில் பறித்தது. மார்ச் 1 அன்று அவர் பதவி விலகினார். அதே நாட்டின் இன்னொரு அமைச்சர் அனெட்டெ ஷவான் 1980இல் வாங்கிய பட்டம் 2013இல் போயிற்று. சில நாட்களில் அவரும் பதவி விலகினார். அப்போது அவர் வகித்தது கல்வி, ஆராய்ச்சித் துறை.