வால்வு கழட்டி அண்ணன்

வண்டி ஹீட் ஏறுகிறது என்று நீங்கள் சொல்லி முடிக்கும் முன்பே அண்ணன் தீர்ப்பு சொல்லிவிடுவார்: "வால்வைக் கழட்டி வீசுங்க."

நாமக்கல் பக்கம் எந்த லாரிப் பட்டறைக்குப் போனாலும் அவர் உண்டு. தொப்பூர் மேட்டில் மட்டும் முள் ஏறுகிறதா, சமதரையிலுமா, தண்ணீர் குறைகிறதா, என்ன லோடு என்றெல்லாம் கேட்க மாட்டார். கேபினைச் சாய்ப்பதுகூட அநாவசியம். டீ கிளாஸைக் கீழே வைக்காமலே நோயைக் கண்டுபிடித்துவிடுவார்.

தெர்மோஸ்டாட் வால்வின் மேல் அவருக்கு அப்படியொரு பகை. "அது வெள்ளைக்காரன் ஊர்க் குளிருக்கு வச்சதுங்க. நம்ம வெயிலுக்கு என்னத்துக்கு?" உள்ளங்கையில் அடங்குகிற சாமான் அது. தண்ணீர் 80 டிகிரி வாக்கில் வந்ததும் அதற்குள் இருக்கும் மெழுகு உருகி, பெருத்து, ரேடியேட்டருக்கு வழி திறக்கும். நாமக்கல் வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் 80 டிகிரி ஆகாதே என்று சொல்லிப் பாருங்கள். "புஸ்தகத்துல அப்படித்தாங்க போட்டிருப்பான்" என்றபடி ஸ்பேனரை எடுப்பார்.

கழட்டினால் பல வண்டிகளில் முள் இறங்கும். அவர் புகழுக்கு அதுதான் முதல். டீசல் கூடக் குடிப்பதும், லைனர் தேய்வதும், ஆயிலில் சகதி சேர்வதும் பையப் பைய வரும். வரும்போது அண்ணன் பேர் அதில் இருக்காது. சில எஞ்சின்களில் வால்வு திறக்கும்போதுதான் பைபாஸ் அடைபடும். அங்கே கழட்டினால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றும், ஹீட் இன்னும் ஏறும். அதற்கும் பதில் தயார்: "அப்ப ஹெட்டு போயிருச்சுங்க."

பட்டறை ஜன்னலோரம் ஒரு பெயிண்ட் டப்பா. அவர் கழட்டிய வால்வுகள் அதில் கிடக்கும். புதிதாக வருகிறவர்களுக்குக் குலுக்கிக் காட்டுவார். வெந்நீரில் போட்டால் அதில் பாதி இன்றைக்கும் ஒழுங்காகத் திறக்கும்.

கூலண்ட் கேட்டால் போர் தண்ணீரைக் கைகாட்டுவது தனிக் கதை.

ஆனாலும் நடுராத்திரியில் ஓஸ் வெடித்து வண்டி நின்றால் போனை எடுக்கிற ஆள் அவர்தான். வந்து, கட்டுக்கம்பியால் இறுக்கி, ஊர் சேர்த்துவிட்டு, காசுக்கு நிற்காமல் போவார். அவரைத் திட்டவும் வாய் வருவதில்லை.

ஆனால் ஹெட் வேலைக்கான பில் நம் பேருக்குத்தான் வருகிறது. ஆகவே வண்டிக்காரர்களே, முதலில் எஞ்சினை ஆறவிட்டுத் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். பிறகு மூடியின் ரப்பர், பெல்ட்டின் தொய்வு, ரேடியேட்டர் முகத்தில் அப்பிய தூசி, ஃபேன் ஆகியவற்றைப் பாருங்கள். ரேடியேட்டரில் விடாமல் குமிழி வந்தால் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள். வால்வைச் சோதிக்க ஒரு சட்டி வெந்நீரும் தெர்மாமீட்டரும் போதும். கெட்டிருந்தால் புதிது போடுங்கள். அந்த இடத்தை மட்டும் காலியாக விடாதீர்கள்.